வயசான காலத்தில் வெம்ப்ளி: பழைய பேண்டின் மறுகூடல் கச்சேரிக்கு ஊரிலிருந்து போய்வர ஒரு வழிகாட்டி

கல்லூரி விடுதியில் தேயத் தேயக் கேட்ட பேண்ட் ஒன்று பதினாறு வருஷம் கழித்து மறுபடி சேர்கிறது என்ற செய்தி வந்தால் என்ன செய்வீர்கள்? நான் ஆபீஸ் நேரத்தில் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன். ஒயாசிஸ். பிரிட்டனின் ராக் பேண்ட், அதில் இருந்த அண்ணன் தம்பி சண்டையில் 2009இல் உடைந்தது. 2025இல் பழையபடி மேடையேறப் போவதாக 2024 ஆகஸ்ட் 27 அன்று அறிவித்தார்கள். எனக்கு நாற்பத்தேழு வயது, ஊர் திருச்சி, வேலை கணக்குப் பிரிவில். 2025 செப்டம்பர் 28 அன்று லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் பார்த்துவிட்டும் வந்தேன். நடுவில் ஒரு விசா மறுப்பு, ஒரு டிக்கெட்டை வாங்கி விற்றது, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் உண்டு.

அந்தச் சுற்றுப்பயணம் முடிந்துவிட்டது. ஆனால் தொண்ணூறுகளின் பேண்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கின்றன. அடுத்தது உங்களுடையதாக இருக்கலாம். பிரிட்டனை வைத்தே எழுதுகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். கட்டணங்கள் எல்லாம் 2025இல் நான் கட்டியவை. கிளம்புமுன் இன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்த ஊர், எந்தத் தேதி?

அறிவிப்பு வந்த அன்றைக்கே பாயாதீர்கள். பெரிய பேண்டுகள் எல்லா ஊரையும் ஒரே நாளில் சொல்வதில்லை. ஒயாசிஸ் முதலில் பிரிட்டனும் அயர்லாந்தும் மட்டும் அறிவித்தார்கள். பிறகு வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அதற்கும் பிறகுதான் சோல், டோக்கியோ. பிரிட்டன் டிக்கெட்டுக்கு முட்டிமோதி ஓய்ந்த பிறகு டோக்கியோ தேதி வந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஜப்பான் விசாக் கட்டணம் அப்போது பிரிட்டனோடு ஒப்பிட்டால் சொற்பம். பாடகர் பிறந்த நாட்டில், அந்த ஊர்க் கூட்டத்தோடு நின்றுதான் பார்க்க வேண்டும் என்ற வைராக்கியம் இல்லாதவர்கள் இரண்டு மூன்று மாதம் பொறுப்பது நல்லது.

தேதி கையில் இருந்தால், சுற்றுப்பயணத்தின் கடைசிப் பக்கத்தை எடுங்கள். முதல் இரவு பார்க்கிற பெருமைக்காக ஜூலையைத் துரத்தினால் விசாவில் ஒரு சறுக்கல் வந்தாலே ஆட்டம் முடிந்தது. நான் முதலில் ஜூலை 25க்குத்தான் டிக்கெட் வாங்கினேன். என்னைக் காப்பாற்றியது செப்டம்பர் தேதிதான். அதுவும் முதல் அறிவிப்பில் இல்லை, கூட்டத்தைப் பார்த்துப் பின்னால் சேர்த்த தேதி.

2. டிக்கெட்: முதல் நாள் விற்பனையை மட்டும் நம்பாதீர்கள்

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு மதியம் 1.30. (கோடையில் நான்கரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. இதைத் தப்பாகக் கணக்குப் போட்டுத் தூங்கியவர்களை எனக்குத் தெரியும்.) அன்று 158 நாடுகளிலிருந்து ஒரு கோடிக்கு மேல் பேர் இணைய வரிசையில் நின்றதாக நடத்துபவர்களே சொன்னார்கள். எனக்குக் கிடைத்த வரிசை எண் இரண்டு லட்சத்துச் சொச்சம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அது நாலாயிரமாகக் குறைந்தபோது, கை சும்மா இருக்காமல் அதே கணக்கை மொபைலிலும் திறந்தேன். இரண்டிலும் வெளியே தள்ளிவிட்டது. ஒரு கணக்கு, ஒரு கருவி, ஒரு ஜன்னல். பக்கத்தைப் புதுப்பிக்கவும் கூடாது. அது தானாக நகரும்.

விற்பனைக்கு ஒரு வாரம் முன்பே செய்துவைக்க வேண்டியவை: கணக்குத் திறந்து மொபைல் எண்ணைச் சரிபார்த்து விடுங்கள். அப்புறம் உங்கள் கார்டு. நம் ஊர் வங்கிகள் தரும் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும், வங்கி ஆப்பில் போய் நாம்தான் திறக்க வேண்டும். அதே பக்கத்தில் தினசரி உச்சவரம்பு என்று ஒன்று இருக்கும், அதையும் உயர்த்துங்கள். வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி ஏறக்குறைய 3.5 சதவீதம் மேலே போடும், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. குறைவாகப் போடும் கார்டு கையில் இருந்தால் இந்த ஒரு பயணத்திலேயே நல்ல பணம் மிஞ்சும்.

விலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அன்று ஏறக்குறைய 150 பவுண்டுக்கு எதிர்பார்த்த நிற்கும் டிக்கெட், மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு 355 பவுண்ட் என்று திரையில் வந்தது. விற்ற தளமான டிக்கெட்மாஸ்டரை பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் விசாரித்தது. மலிவான ரகம் தீர்ந்ததும் அதே மாதிரி டிக்கெட்டைக் கூடுதல் விலையில் விட்டிருக்கிறார்கள், அப்படி இரண்டு விலை இருப்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது தெரியவந்தது. இனி இப்படி அடுக்கு விலை இருந்தால் அந்தத் தளம் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆகவே விற்பனைக்கு முந்தின நாள் சாயங்காலமே அந்த அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். உங்கள் உச்சவரம்பை ஒரு தாளில் எழுதி கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரம் காத்திருந்தவன் கை எந்த விலைக்கும் பட்டனை அழுத்தும்.

கிடைக்கவில்லையா? பதற வேண்டாம். ஒயாசிஸ் கச்சேரிக்கு டிக்கெட்மாஸ்டர், ட்விக்கெட்ஸ் என்ற இரண்டு தளங்களில் மட்டும், அச்சிட்ட விலைக்கு மேல் போகாமல், மறுவிற்பனை அனுமதித்திருந்தார்கள். வாங்கியவர்களுக்குக் கல்யாணம் வரும், பிரசவம் வரும், வேலை போகும். டிக்கெட் திரும்பி வந்துகொண்டே இருக்கும். மேடை கட்டி முடித்த பிறகு, ஒதுக்கி வைத்த இருக்கைகளில் கொஞ்சத்தை விடுவிப்பதும் வழக்கம். நான் இரண்டு டிக்கெட்டையும் இப்படித்தான் பிடித்தேன். அங்கே விடிகிற நேரத்தில், அதாவது நம் காலை பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு, தினமும் ஒரு தடவை பார்ப்பேன். இருபது நாளில் கிடைத்தது. தளத்தின் கட்டணம் சேர்த்து 172 பவுண்ட், ஒற்றை இருக்கை. ஒற்றையாகப் போவதில் ஒரு லாபம், ஜோடி டிக்கெட்டைவிடச் சீக்கிரம் கிடைக்கும்.

மற்றபடி இன்ஸ்டாகிராமில், வாட்ஸ்அப் குழுவில், 'என்னிடம் இரண்டு எக்ஸ்ட்ரா இருக்கிறது' என்று வருகிற யாரிடமும் வாங்காதீர்கள். அனுமதி இல்லாத தளங்களில் விற்றவற்றை ரத்து செய்வோம் என்று நடத்துபவர்களே சொல்லியிருந்தார்கள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரிடம் போய் அழுவது?

என் அக்கா மகன் லெஸ்டரில் படிக்கிறான். அவன் கணக்கில் வாங்கி, ஆப் வழியாக எனக்கு அனுப்பினான். அங்கே ஆள் இருந்தால் இது சுலபம். இன்னொரு காரணமும் உண்டு. டிக்கெட்டை மறுபடி விற்க நேர்ந்தால் அந்தப் பணம் எந்த நாட்டு வங்கிக் கணக்குக்கு வரும் என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. எதற்கு முதலில் பணம் கட்டுவது

திரும்பப் பெறக்கூடியது முதலில், பெற முடியாதது கடைசியில். இந்த வரிசை ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

அச்சிட்ட விலைக்கே மறுபடி விற்கலாம் என்று இருந்தால் கச்சேரி டிக்கெட்டை விசாவுக்கு முன்பே வாங்கலாம். அறையை இலவச ரத்து வசதியோடு பிடித்துப் போடலாம். அப்புறம் விசா. விமான டிக்கெட் விசா கைக்கு வந்த பிறகுதான். விசா கிடைக்கும் முன் பயணத்துக்குப் பணம் கட்டாதீர்கள் என்று பிரிட்டன் அரசே சொல்கிறது. ஆனால் நம் ஊரில் 'கன்ஃபார்ம் டிக்கெட் வைத்தால்தான் விசா வரும்' என்று சொல்லிச் சொல்லியே விற்கிறார்கள். போகும் தேதி, வரும் தேதி, தங்கும் இடம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதினால் போதும். நான் காத்திருந்ததில் விமானக் கட்டணம் ஒன்பதாயிரம் ஏறியது. முதல் தடவை விசா மறுத்தபோது எழுபதாயிரம் தப்பியதை நினைத்துக்கொண்டேன்.

4. விசா: உயிரை எடுத்த இடம்

நமக்குத் தேவையானது ஸ்டாண்டர்டு விசிட்டர் விசா, ஆறு மாதத்துக்கானது. 2025இல் கட்டணம் 127 பவுண்ட், நான் கட்டியபோது பதினைந்தாயிரத்துச் சொச்சம். பயணத் தேதிக்கு அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு முன்புதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்ததிலிருந்து பொதுவாக மூன்று வாரம். அவசரம் என்றால் மேலே 500 பவுண்ட் கட்டி ஐந்து வேலைநாளில் முடிவு கேட்கலாம். என் அபிப்பிராயத்தில் அது தண்டம். மூன்று மாதம் முன்பே போட்டுவிட்டால் அவசரம் ஏன் வருகிறது? மறுத்தால் அந்த 500ம் போச்சு.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். அதை நீங்களே நிரப்புங்கள். கேள்விகள் நீளம், ஆனால் கஷ்டமில்லை: வேலை, சம்பளம், மாதச் செலவு, இந்தப் பயணத்துக்கு எவ்வளவு, யார் பணம், பத்து வருஷத்தில் எங்கெங்கே போனீர்கள். நான் முதல் தடவை ஊரில் ஓர் ஏஜென்டிடம் கொடுத்தேன். அவர் என் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், இது பத்தாது. நாலு லட்சமாவது காட்டணும். யார்கிட்டயாவது வாங்கிப் போடுங்க, விசா வந்ததும் திருப்பிக் குடுத்துடலாம்."

மச்சானிடம் மூன்று லட்சம் வாங்கிப் போட்டேன். போட்டது ஏப்ரல் 18, விண்ணப்பித்தது 28. மே கடைசியில் மறுப்புக் கடிதம் வந்தது. சம்பளத்துக்குப் பொருந்தாத ஒரு தொகை திடீரென்று வந்திருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று காட்டவில்லை, ஆகவே பயணம் முடிந்து திரும்பிப் போவீர்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அதன் சாரம். படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, கணக்குப் பிரிவில் இருபது வருஷம் இருப்பவன் நானே ஒரு பில்லில் இதைப் பார்த்திருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன் என்று தோன்றியது.

இந்த மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. கட்டணமும் திரும்பாது. புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜூலை டிக்கெட்டை அதே தளத்தில் போட்டேன், இரண்டே நாளில் போய்விட்டது. மச்சான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஜூலை முதல் வாரம் மறுபடி விண்ணப்பித்தேன், இந்தத் தடவை நானே. நான் வைத்தவை:

- ஆறு மாத வங்கி அறிக்கை, சம்பளம் வரும் கணக்கு. மூன்று லட்சம் வந்ததும் போனதும் அதில் இருக்கத்தான் செய்யும். அந்த இரண்டு வரியையும் விளக்கக் கடிதத்தில் தேதியோடு எழுதி, 'இது கடன், திருப்பிவிட்டேன், பயணத்துக்கு இதைப் பயன்படுத்தவில்லை' என்று சொன்னேன்.
- ஆறு மாதச் சம்பளச் சீட்டு, இரண்டு வருஷ வருமான வரித் தாக்கல், என் பெயரில் உள்ள ஃபிக்சட் டெபாசிட் ரசீது.
- ஆபீஸ் லெட்டர். 'லீவு அனுமதிக்கப்படுகிறது' என்று ஒற்றை வரியில் தருவார்கள், வாங்காதீர்கள். சேர்ந்த தேதி, பதவி, சம்பளம், எந்தத் தேதி முதல் எதுவரை லீவு, எந்தத் தேதி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும்.
- வீட்டுப் பத்திரம். தமிழில் இருக்கும் எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், 'சரியான மொழிபெயர்ப்பு' என்ற உறுதிமொழி இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் தேடினால் பக்கத்துக்கு என்ன கேட்கிறார்களோ அதுதான் விலை.
- கச்சேரி டிக்கெட் வாங்கிய மின்னஞ்சல், ஆறு நாள் திட்டம் ஒரே பக்கத்தில், செலவுக் கணக்கு ஒரே பக்கத்தில்.

விண்ணப்பத்தில் 'இதற்கு முன் மறுக்கப்பட்டதா' என்று கேட்பார்கள். ஆம் என்று எழுதுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். ஒளித்தால் அது ஏமாற்று. பத்து வருஷத் தடை வரை போகும். லெஸ்டரில் இருக்கும் அக்கா மகனையும் சொன்னேன். சொந்தக்காரர் இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் சிக்கல்.

'ஒரு பாட்டுக் கச்சேரிக்கு லண்டனா, யார் நம்புவார்கள், டூரிஸ்ட் என்று மட்டும் போடுங்கள்' என்றும் சிலர் சொன்னார்கள். கேட்காதீர்கள். உண்மையான காரணம்தான் விளக்கச் சுலபம். மொத்தச் செலவு சுமார் ஒன்றே முக்கால் லட்சம், கையில் சேமிப்பு அதைவிட இரண்டரை மடங்கு, சம்பளம் மாதாமாதம் வருகிறது. அவர்கள் பார்ப்பது இந்தப் பொருத்தத்தைத்தான். பேண்ட் நல்ல பேண்டா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கைரேகைக்குச் சென்னையில், விசா விண்ணப்பங்களைக் கையாளும் வி.எஃப்.எஸ். நிறுவனத்தின் மையம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். ஆவணங்களை முதல் நாளே நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் அங்கே கட்டணம் கொடுத்து ஸ்கேன் செய்ய வேண்டாம். எஸ்.எம்.எஸ்., கூரியர், தனி ஓய்வறை என்று வரிசையாகக் கேட்பார்கள். எதுவும் கட்டாயமில்லை. நான் கூரியர் மட்டும் எடுத்தேன். மறுபடி ஒரு ரயில் பயணத்தைவிட அது மலிவு. இந்த விசாவுக்குப் பயணக் காப்பீடும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பதில்லை. 'வேண்டும்' என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார். (காப்பீடு உங்கள் நலனுக்காக எடுங்கள், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும்.)

ஆகஸ்ட் முதல் வாரம் பாஸ்போர்ட் வந்தது, உள்ளே ஸ்டிக்கரோடு. இப்போது அவர்கள் மின்விசாவுக்கு மாறிவருவதால் உங்களுக்கு ஸ்டிக்கர் இல்லாமல் இணையக் கணக்கில் வரலாம். அப்படியானால் அந்தக் கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் பத்திரம்.

5. இனிஷியல்

வடக்கே இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி புரியாது. என் வங்கிக் கணக்கில் ஒரு பெயர்: முன்னால் இரண்டு இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. வரித் தாக்கலில் மூன்றாவது மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று விளக்கக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

விமான டிக்கெட் பாஸ்போர்ட்படிதான். குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், பல விமான நிறுவனங்கள் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன. புக் செய்யும் முன் அந்த நிறுவனத்தையே கேளுங்கள். திருத்தக் கட்டணம் சில நேரம் டிக்கெட்டில் பாதி வரும்.

6. விமானம், அறை, செலவு

சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேராகப் போகிறது. நான் திருச்சியிலேயே ஏறி, ஸ்ரீலங்கன் விமானத்தில் கொழும்பு வழியாகப் போனேன். போக வர 71,000 ரூபாய். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பே இறங்குங்கள். ஒரு விமானம் தாமதமானாலும் தாங்கும், தூக்கமும் சரியாகும். மாலை எட்டு மணிக்கு மேடை ஏறுகிறார்கள் என்றால் உங்கள் உடம்புக்கு அது நள்ளிரவு பன்னிரண்டரை.

வெம்ப்ளி ஸ்டேடியத்தைச் சுற்றி உள்ள விடுதிகள் கச்சேரி நாளில் கேட்கிற விலை நியாயமில்லாதது. அதற்காக லண்டனின் மறுகோடியிலும் போடாதீர்கள். நான் சட்பரியில் ஒரு வீட்டு மாடி அறை எடுத்தேன், இரவுக்கு 75 பவுண்ட், பஸ்ஸில் பத்துப் பதினைந்து நிமிஷம்.

கணக்கு இது. ஒரு பவுண்ட் 118, 119 ரூபாயில்: கச்சேரி 20,300. விமானம் 71,000. ஐந்து இரவு அறை 44,500. சாப்பாடு, ரயில், பஸ் 24,000. காப்பீடு 1,500. விசா 15,500, என் முட்டாள்தனத்துக்கு இன்னொரு 15,500. லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்து முந்நூறு. வீட்டில் சொன்ன தொகை வேறு.

லீவுக்கு ஒரு யோசனை: அந்த வருஷம் செப்டம்பர் கடைசி காலாண்டு விடுமுறையோடும் ஆயுத பூஜையோடும் சேர்ந்து வந்தது. ஆபீஸில் நான்கு நாள் லீவு போதுமானதாக இருந்தது. கொலு வைக்கிற வீடாக இருந்தால் அந்த வசதி வேறு மாதிரி திரும்பும்.

7. கச்சேரி நாள்

உட்காரும் டிக்கெட்டா, நிற்கும் டிக்கெட்டா? நாற்பதைத் தாண்டியவர் என்றால் உட்காருங்கள். கதவு திறக்கும் மாலை நேரத்திலிருந்து பத்தரை வரை முழங்கால் பதில் சொல்ல வேண்டும். நடுவில் பாத்ரூம் போனால் பிடித்த இடமும் போய்விடும். எப்படியும் பேண்ட் வந்ததும் எல்லோரும் எழுந்துதான் நிற்பார்கள். இருக்கை என்பது அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்துக்கு.

பை ஏ4 தாள் அளவைத் தாண்டக் கூடாது, ஆளுக்கு ஒன்றுதான். உள்ளே ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு மட்டும். டிக்கெட் போனில் இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். தொண்ணூறாயிரம் பேர் கொள்ளும் இடத்தில் வாசலில் நெட்வொர்க் திணறும். ஆகவே அறையிலேயே போனின் வாலட்டில் சேமித்துவிடுங்கள். இந்திய சிம்மையும் ரோமிங்கில் உயிரோடு வையுங்கள், வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். காதுக்குப் பஞ்சு அல்ல, இயர்பிளக். செப்டம்பர் கடைசியில் ராத்திரி குளிரும். மேல்சட்டை ஒன்று இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்டேடியத்திலிருந்து இருபத்தைந்து நிமிஷ நடையில் ஈலிங் ரோடு. குஜராத்திக் கடைகளும் ஈழத்தமிழர் கடைகளும் நிறைந்த தெரு, பக்கத்தில் ஆல்பர்டனில் ஈழபதீஸ்வரர் ஆலயமும் உண்டு. மதியம் அங்கே ஒரு கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். கல்லாவில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும்.

"எங்கயிருந்து வாறீங்கள் தம்பி?"

"திருச்சிண்ணா. இன்னிக்கு கச்சேரிக்கு."

"திருச்சியிலயிருந்து இதுக்கெண்டோ?" சிரித்துவிட்டு, மீதிச் சில்லறையோடு ஒரு அறிவுரையும் கொடுத்தார். "முடிஞ்ச உடன ஸ்டேஷனுக்கு ஓடாதேங்கோ. எல்லாரும் அங்கதான் போவினம். இஞ்சால நடந்து வாங்கோ. பன்னிரண்டு மட்டும் திறந்திருப்பன்."

முந்தின நாள் மாலைதான் கரூரில் அந்தக் கூட்ட நெரிசல் நடந்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டர். நாற்பத்தோரு பேர் போனார்கள். காலையிலிருந்து போனில் அதுதான் வந்துகொண்டிருந்தது. அன்று மாலை ஸ்டேடியத்துக்குள் நுழைந்ததும் நான் மேடையைப் பார்க்கவில்லை. எங்கள் வரிசையிலிருந்து எந்தப் படிக்கட்டு, எந்த வாசல் என்றுதான் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். டிக்கெட்டில் உள்ள பிளாக் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு பேராகப் போனால், போன் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு, வெளியே சந்திக்க ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காஸ்ட் என்ற பேண்ட், பிறகு பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் பாடினார்கள். எட்டேகால் வாக்கில் ஒயாசிஸ், இரண்டு மணி நேரம். அதைப் பற்றி இங்கே எழுதினால் இது வழிகாட்டியாக இருக்காது. போனில் படம் பிடிப்பதை முதல் பாட்டோடு நிறுத்திவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். எனக்கு முன்னால் இருந்த ஆள், என் வயதுதான், கடைசி வரை பிடித்தார். முடிந்ததும் போட்டுப் பார்த்தபோது அதில் கேட்டது முழுக்க அவர் குரல்.

8. வெளியே வருவது

லண்டன் சுரங்க ரயில் சில தடங்களில் இரவு முழுக்க ஓடுகிறது, ஆனால் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும். வெம்ப்ளி பார்க் வழியாகப் போகும் ஜூபிலி தடமும் அதில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு அது கிடையாது. நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும். எனவே உங்கள் ஸ்டேஷனுக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கச்சேரி முடிந்ததும் கூட்டம் மொத்தமும் ஒலிம்பிக் வே என்ற அகலமான நடைபாதையில் வெம்ப்ளி பார்க் ஸ்டேஷனை நோக்கி இறங்கும். நடுநடுவே நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் நெரிசல் வராமல் இருப்பது அதனால்தான். எதிர்ப்பக்கம் வெம்ப்ளி சென்ட்ரல், வெம்ப்ளி ஸ்டேடியம் என்று இன்னும் இரண்டு ஸ்டேஷன்கள் இருக்கின்றன. உங்கள் அறை எந்தத் திசையில் என்று பார்த்து அதன்படி ஸ்டேஷனைத் தேர்ந்தெடுங்கள். டாக்ஸி ஆப்பை அந்த நேரத்தில் திறக்கவே வேண்டாம்.

நான் ஈலிங் ரோட்டுக்கு நடந்தேன். காதில் இன்னும் இரைச்சல். பதினொன்றரைக்கு அந்தக் கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) ஊற்றி வைத்தார். பையில் இருந்த சில்லறையை எடுத்தேன், வாங்கவில்லை. அங்கிருந்து வெம்ப்ளி சென்ட்ரல் நிறுத்தத்துக்கு நடந்து 18ஆம் நம்பர் பஸ் பிடித்தேன். 1.75 பவுண்ட். பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், கார்டைத் தயாராகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.